ரெட் ஹெர்ரிங்: புகையில் சிவந்த மீன் ஐபிஓவுக்குள் எப்படி வந்தது?

கேள்வி இதுதான்: "ஆங்கிலப் பாடத்தில் 'ரெட் ஹெர்ரிங்' என்றால் கவனத்தைத் திசைதிருப்பும் விஷயம் என்று போட்டிருக்கிறது. பங்குச்சந்தைச் செய்திகளிலோ ஐபிஓ மூலம், அதாவது முதன்முறையாகப் பொதுமக்களுக்குப் பங்கு வெளியிடும் நிறுவனம் 'ரெட் ஹெர்ரிங் ப்ராஸ்பெக்டஸ்' என்ற விவர ஆவணத்தைத் தாக்கல் செய்தது என்று வருகிறது. நம்மைத் திசைதிருப்பப் போகிறேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டா பங்கு விற்கிறார்கள்? அப்புறம், தப்பியோடிய கைதிகள் மோப்ப நாய்களை ஏமாற்ற இந்த மீனைத் தரையில் இழுத்துக்கொண்டு ஓடியதால் வந்த தொடர் இது என்கிறார்களே, உண்மையா?"

கைதிக் கதைக்கு ஆதாரம் கிடையாது. திசைதிருப்பல் என்ற அர்த்தம் பரவியதற்கு முக்கியக் காரணம் 1807இல் ஒரு பத்திரிகையாளர் எழுதிய கட்டுரை. பங்குச்சந்தையில் இருக்கும் ரெட் ஹெர்ரிங் அமெரிக்காவில் சிவப்பு மையில் அச்சடித்த ஓர் எச்சரிக்கையிலிருந்து வந்தது. அவசரத்தில் இருப்பவர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் கதை சுவாரசியமானது.

முதலில் மீனைப் பார்ப்போம். ஹெர்ரிங் என்பது வட அட்லாண்டிக் கடலில் பெருங்கூட்டமாகத் திரியும் சிறிய மீன். நம்மூர் மத்திக்கு உறவு, மத்தியைப் போலவே எண்ணெய் அதிகம். எண்ணெய் மிகுந்த மீன் சீக்கிரம் கெடும். ஐஸ் பெட்டி இல்லாத காலத்தில் ஒரே இரவில் படகு படகாக வந்து இறங்கும் மீனை என்ன செய்வது? உப்புப் போட்டுப் பீப்பாயில் அடைப்பது ஒரு வழி. அதை வெள்ளை ஹெர்ரிங் என்றார்கள். இன்னொரு வழி, குடலைக்கூட எடுக்காமல் முழு மீனாகக் கடும் உப்பில் ஊறவைத்து, குச்சிகளில் கோத்து, ஓக் போன்ற மரங்களின் புகையில் வாரக்கணக்கில் தொங்கவிடுவது. வெள்ளியாகப் பளபளத்த தோல் செம்பு நிறத்துக்கு மாறிவிடும். அதுதான் ரெட் ஹெர்ரிங். அந்தப் பெயரில் கடலில் தனியாக எந்த மீனும் நீந்தவில்லை.

நாம் கருவாட்டை வெயிலில் காயவைக்கிறோம். ஹெர்ரிங் இங்கிலாந்தின் கிழக்குக் கரைக்குக் கூட்டமாக வருவது இலையுதிர்காலத்தில். ஈரமும் குளிருமான அந்தப் பருவத்தில் வெயிலை நம்ப முடியாது, அதனால் புகை. நன்றாக உப்பேறிப் புகையேறிய மீன் மாதக்கணக்கில் கெடாது. நாற்றமோ ஊரைத் தூக்கும். கதையில் நாய் வருவதற்கு அந்த நாற்றம்தான் காரணம்.

பல இணையதளங்கள் ரெட் ஹெர்ரிங்கைக் 'கிப்பர்' என்று எழுதிவிடுகின்றன. தவறு. கிப்பர் என்பது மீனை முதுகில் பிளந்து, குடல் எடுத்து, கொஞ்ச நேரம் மட்டும் புகையில் காட்டுவது. ஹெர்ரிங்கில் அந்த முறை பெயர் வாங்கியது 1840களில்தான். ரெட் ஹெர்ரிங் அதற்குப் பல நூற்றாண்டுகள் மூத்தது.

இந்த மீனால் வளர்ந்த ஊர் கிரேட் யார்மத். இங்கிலாந்தின் நார்ஃபோக் மாவட்டத்துத் துறைமுகம். இடைக்காலத்திலேயே செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பர் நடுவரை அங்கே பெரிய ஹெர்ரிங் சந்தை கூடும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், 1913 பருவத்தில், யார்மத்திலும் பக்கத்து லோஸ்டாஃப்டிலும் சேர்த்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட படகுகள் இந்த மீனைத் தேடி வந்தன. அப்புறம் இரண்டு உலகப் போர்கள், அளவுக்கு மீறிய மீன்பிடிப்பு என்று எல்லாம் சேர்ந்து அந்தத் தொழிலைத் தின்றுவிட்டன. மீனைப் புகைபோட்ட பழைய கூடம் ஒன்று இப்போது 'டைம் அண்ட் டைட்' என்ற அருங்காட்சியகமாக இருக்கிறது.

ஏன் இவ்வளவு மீன் விற்றது என்று கேட்டால், அந்தக் காலக் கத்தோலிக்க வழக்கப்படி வெள்ளிக்கிழமைகளிலும் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் முழுவதும் இறைச்சி கூடாது, மீன் உண்ணலாம். இங்கிலாந்து புராட்டஸ்டன்ட் நாடான பிறகும் இது போகவில்லை. 1563இல் எலிசபெத் அரசியின் அமைச்சர் வில்லியம் செசில், புதன்கிழமையையும் மீன் நாளாக்கிச் சட்டமே கொண்டுவந்தார். இதில் பக்தி எதுவும் இல்லை. மீன் விற்றால் மீனவர்கள் பிழைப்பார்கள், மீனவர்கள் இருந்தால் போர் வரும்போது கடற்படைக்கு ஆள் கிடைக்கும் என்ற கணக்கு. தவக்காலத்தில் ஏழையின் தட்டில் வந்து விழுந்தது பெரும்பாலும் உப்பும் புகையுமான இந்த மலிவு மீன்தான். 'மீனுமில்லை, இறைச்சியுமில்லை, நல்ல ரெட் ஹெர்ரிங்கும் இல்லை' என்று எதிலும் சேராத ஒன்றைச் சொல்லும் ஆங்கிலப் பழமொழி 1546இல் ஜான் ஹேவுட் தொகுத்த பழமொழிகளிலேயே இருக்கிறது. அதில் திசைதிருப்பல் எதுவும் கிடையாது. வெறும் சாப்பாட்டுப் பட்டியல்தான்.

இந்த மீனைப் புகழ்ந்து ஒரு முழுப் புத்தகமே எழுதியவர் அந்தக் காலத்து ஆங்கில எழுத்தாளர் தாமஸ் நாஷ். 1597இல் பென் ஜான்சனோடு சேர்ந்து எழுதிய நாடகம் ஒன்று அரசைக் கிண்டல் செய்ததாகப் பிரச்சினையானது. ஜான்சன் சிறைக்குப் போனார், நாஷ் யார்மத்துக்கு ஓடினார். அடைக்கலம் தந்த ஊருக்கு நன்றிக்கடனாக 1599இல் அவர் வெளியிட்ட நூல் யார்மத்தையும் அதன் மீனையும் வானளாவப் புகழ்கிறது. விற்றது போக மிஞ்சிய மீனை ஒரு மீனவன் குடிசைக் கூரையில் தொங்கவிட்டான், கீழே குளிருக்கு நெருப்பு எரிந்தது, பார்த்தால் மீன் சிவந்துபோயிருந்தது என்று ரெட் ஹெர்ரிங் பிறந்த கதையும் சொல்கிறார். அது அவருடைய கட்டுக்கதை. நமக்கு வேண்டியது அதே நூலில் போகிறபோக்கில் வரும் ஒரு வரி: வேட்டை நாய்களை மோப்பத்துக்கு இழுக்க ரெட் ஹெர்ரிங் தோலுக்கு இணையே இல்லை என்கிறார். மோப்பத்தை நோக்கி இழுக்கத்தான் மீன், அதிலிருந்து விலக்க அல்ல.

அடுத்த சாட்சி 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த ஒரு வேட்டைக் கையேடு. நிக்கலஸ் காக்ஸ் வெளியிட்ட அந்நூலில் ஜெர்லண்ட் லாங்பெய்ன் என்பவர் குதிரையேற்றம் பற்றி எழுதிய பகுதி சேர்க்கப்பட்டிருக்கிறது. செத்த பூனையையோ நரியையோ, எதுவும் கிடைக்காவிட்டால் ரெட் ஹெர்ரிங்கையோ, மூன்று நான்கு மைல் தரையில் இழுத்துச் செல்லுங்கள், நாய்களை அந்த வாசனையில் ஓடவிடுங்கள், பின்னாலேயே குதிரையை விரட்டுங்கள் என்கிறது அது. பயிற்சி குதிரைக்கு. குரைப்பும் பாய்ச்சலும் நிறைந்த கூட்டத்தின் பின்னால் மிரளாமல் ஓட அது பழக வேண்டும். பின்னால் வந்தவர்கள் இதை அவசரமாகப் படித்து, நாய்களுக்கு ஏமாறாமல் இருக்கக் கொடுத்த பயிற்சி என்று எழுதினார்கள். இன்னும் சிலர் அதில் கைதியைச் சேர்த்தார்கள், சிலர் கள்ளக்கடத்தல்காரரைச் சேர்த்தார்கள். உண்மையில் எந்தக் கைதியும் கையில் மீனோடு ஓடியதாகப் பதிவு இல்லை. ஓடுகிறவன் கையில் மீன் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்டதாகவும் தெரியவில்லை! அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் ஒரு பிளட்ஹவுண்ட் நாயை வைத்து இதைச் சோதித்துப் பார்த்தார்கள். நாய் வழியில் நின்று மீனைச் சாப்பிட்டுவிட்டு, கொஞ்சம் தடுமாறி, திரும்ப மோப்பத்தைப் பிடித்து ஆளைக் கண்டுபிடித்துவிட்டது.

சரி, அப்படியானால் திசைதிருப்பல் எங்கிருந்து வந்தது? வில்லியம் காபெட் என்ற மனிதரிடமிருந்து.

காபெட் 1763இல் சர்ரேயின் ஃபார்னம் ஊரில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். படைவீரராக இருந்தார், அமெரிக்காவில் வாழ்ந்தார், திரும்பி வந்து 1802இல் 'பொலிட்டிக்கல் ரெஜிஸ்டர்' என்ற வார இதழைத் தொடங்கினார். வாயைத் திறந்தால் வம்பு. படைவீரர்களைச் சாட்டையால் அடித்ததைக் கண்டித்து எழுதியதற்காக 1810இல் இரண்டாண்டு சிறையும் ஆயிரம் பவுண்டு அபராதமும் வாங்கினார். நாடாளுமன்ற விவாதங்களைத் தொகுத்து அச்சிடும் வேலையைத் தொடங்கியவரும் இவர்தான். பணமுடையில் அதை 1812இல் அச்சக உரிமையாளர் ஹன்சார்டிடம் விற்றார். இலங்கை, மலேசிய, சிங்கப்பூர் நாடாளுமன்றக் குறிப்பேடுகளுக்கு இன்றும் 'ஹன்சார்ட்' என்று பெயர் இருப்பது அதனால்தான். கொஞ்சம் காத்திருந்தால் 'காபெட்' என்று இருந்திருக்கும்.

1807 தொடக்கத்தில் நெப்போலியன் போலந்துப் பக்கம் ரஷ்யர்களோடு மோதிக்கொண்டிருந்தார். அவர் தோற்றுவிட்டார் என்று லண்டன் பத்திரிகைகள் கொண்டாடின. செய்தி பொய். ஆனால் அது அடங்குவதற்குள் உள்நாட்டில் பேச வேண்டியவை எல்லாம் அமுங்கிப்போயின. பிப்ரவரி இதழில் காபெட் இதைப் பிடித்தார். சிறுவயதில் நாங்கள் ஒரு காட்டு முயலை எங்கள் சொந்தச் சொத்தாகக் குறித்துவைத்திருப்போம், வேட்டைக்காரர்களின் நாய்கள் அதைப் பிடித்துவிடாமலிருக்க அதிகாலையில் போய் முயலின் தடத்திலிருந்து ஒரு ரெட் ஹெர்ரிங்கைக் கயிற்றில் கட்டி, வேலி, பள்ளம், வயல், தோப்பு என்று நாலைந்து மைல் இழுத்துக்கொண்டு போய்விடுவோம் என்று எழுதினார். அப்புறம் வருகிறது குத்து: லண்டன் பத்திரிகை ஆசிரியர்களை அந்த நாய்களோடு நான் ஒப்பிடுவதாக நினைத்துவிடாதீர்கள், நாய்களின் அறிவிலும் விசுவாசத்திலும் பாதிகூட இவர்களுக்கு இல்லை, ஆனாலும் எவனோ ஓர் அரசியல் ஏமாற்றுக்காரன் இவர்களைத் தடம் மாற்றிவிட்டிருக்க வேண்டும். அந்தப் பொய்ச் செய்தியை அவர் நேரடியாகவே 'அரசியல் ரெட் ஹெர்ரிங்' என்கிறார்.

'சொந்தச் சொத்து' என்ற நக்கலைக் கவனிக்க வேண்டும். அப்போது நடப்பிலிருந்த 1671ஆம் ஆண்டு வேட்டைச் சட்டப்படி முயல் வேட்டையாடும் உரிமை ஆண்டுக்கு நூறு பவுண்டு வருமானம் தரும் நிலம் வைத்திருந்த சிறு கூட்டத்துக்கே உண்டு. தன் வயலில் மேயும் முயலைச் சிறு விவசாயி தொட்டால் குற்றம். அந்தச் சட்டம் 1831வரை இருந்தது. ஆகக் கதையில் ஏமாறுவது பண்ணையாரின் நாய்கள், ஏமாற்றுவது கிராமத்துப் பையன்கள். படித்தவர்கள் யார் பக்கம் நின்று சிரித்திருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

இது நிஜமாக நடந்ததா? எனக்கு நம்பிக்கை இல்லை. காபெட்டுக்கு முன்னால் யாரும் இப்படி ஒரு வழக்கத்தைப் பற்றி எழுதியதாக எனக்குத் தெரியவில்லை. ராபர்ட் ஸ்காட் ராஸ், ஜெரால்ட் கோஹன் ஆகிய ஆய்வாளர்கள் இந்த வரலாற்றைத் துருவிப் பார்த்து, உருவகப் பொருளைப் பரப்பியது காபெட்டின் கட்டுரைதான் என்ற முடிவுக்கு வந்தார்கள். காபெட் இதே கதையைப் பிற்காலத்தில் திரும்பவும் எழுதினார், அவருடைய வாசகர் வட்டம் மிகப் பெரியது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் 'தடத்தின் குறுக்கே ரெட் ஹெர்ரிங் இழுப்பது' என்பது மீனைக் கண்ணால் பார்க்காதவர்களும் சொல்லும் பேச்சாகிவிட்டது. வேட்டைக்காடு பெற்றெடுத்த தொடர் என்று எல்லோரும் நினைக்கிற இதைப் பெற்றது உண்மையில் பத்திரிகைச் சண்டை. இதை அரசியல்வாதிகள் மீதும் ஊடகங்கள் மீதும் அடிக்கடி பயன்படுத்துவது புதிய வழக்கமல்ல, பிறந்த வீட்டுப் பழக்கம்.

பயன்பாட்டில் ஒரு நுணுக்கம் உண்டு. ரெட் ஹெர்ரிங் பொய்யாக இருக்க வேண்டும் என்ற அவசியம் கிடையாது. தெருவிளக்கு ஏன் மூன்று மாதமாக எரியவில்லை என்று வார்டு கவுன்சிலரைக் கேட்கிறீர்கள், போன வருடம் குடிநீர்க் குழாய் போட்டுக்கொடுத்ததை அவர் விவரமாகச் சொல்கிறார். குழாய் போட்டது உண்மை, தண்ணீரும் வருகிறது. கேட்டது விளக்கு. அதுதான் ரெட் ஹெர்ரிங். பொய்யென்றால் மறுத்துவிடலாம், உண்மையை எப்படி மறுப்பது? தர்க்கப் பாடத்தில் இதைப் பிழைவாதங்களில் ஒன்றாக வைத்திருப்பதும் இந்தத் தந்திரத்துக்காகத்தான்.

துப்பறியும் கதைகளில் இது கொஞ்சம் மாறும். அங்கே திசைதிருப்புபவர் எழுத்தாளர், அதற்குத்தான் நாம் காசு கொடுக்கிறோம். அகதா கிறிஸ்டி ஒரு படி மேலே போனார். பத்துப் பேர் ஒரு தீவில் மாட்டிக்கொள்ளும் 1939ஆம் ஆண்டு நாவலில் ஒரு பழைய பாட்டின் வரிப்படி ஒவ்வொருவராகச் சாகிறார்கள். அதில் ஒரு வரி, ரெட் ஹெர்ரிங் ஒருவனை விழுங்கியது என்கிறது. யாரோ ஒருவர் ஏமாற்றப்பட்டிருக்கிறார் என்பதை அந்த வரி வாசகருக்கு நேராகவே சொல்லிவிடுகிறது. அப்படியும் முதல் வாசிப்பில் பெரும்பாலோர் கண்டுபிடிப்பதில்லை.

இப்போது பங்குச்சந்தை. 1929 வீழ்ச்சிக்குப் பிறகு அமெரிக்கா 1933இல் பங்குப் பத்திரச் சட்டம் கொண்டுவந்தது. ஒரு நிறுவனம் பங்கு விற்க வேண்டுமானால் முதலில் அரசிடம் பதிவு செய்ய வேண்டும், அந்தப் பதிவு நடைமுறைக்கு வரும்வரை விற்கக் கூடாது. ஆனால் முதலீட்டாளர்கள் படித்துப் பார்க்க ஒரு முன்வரைவு தேவைப்பட்டது. அந்த முன்வரைவின் அட்டையில், பதிவு இன்னும் நடைமுறைக்கு வரவில்லை, விவரங்கள் மாறலாம், இது விற்பனை அழைப்பு அல்ல என்ற எச்சரிக்கையைச் சிவப்பு மையில் போட்டார்கள். வால் ஸ்ட்ரீட்காரர்கள் அதைச் செல்லமாக 'ரெட் ஹெர்ரிங்' என்றார்கள். சிவப்பைப் பார்த்து வைத்த பெயர். ஏமாற்று என்ற அர்த்தத்தின் நெடி அதில் கொஞ்சம் ஒட்டியிருக்கலாம், ஆனால் ஆவணத்தின் வேலையோ அதற்கு நேர் எதிர்: ஏமாறாதே, இது முடிவானதல்ல என்று சொல்வது.

அந்தச் செல்லப்பெயரை இந்தியா சட்டத்துக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டது. 2000ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் பழைய கம்பெனிகள் சட்டத்தில் நுழைந்து, இப்போது 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 32ஆவது பிரிவில் இருக்கிறது. அங்கே மையின் நிறத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. வெளியிடப்படும் பங்குகளின் விலை அல்லது அளவு பற்றிய முழு விவரம் இல்லாத ப்ராஸ்பெக்டஸே ரெட் ஹெர்ரிங் ப்ராஸ்பெக்டஸ் என்கிறது சட்டம். விலை ஏன் இல்லை? மறைப்பதற்காக அல்ல. முதலீட்டாளர்கள் கேட்கும் விலையை வைத்துத்தான் கடைசி விலையை முடிவு செய்யப்போகிறார்கள், அதனால் ஆவணம் எழுதும் நேரத்தில் அது யாருக்கும் தெரியாது.

நடைமுறை இப்படிப் போகும். முதலில் நிறுவனம் வரைவு ஆவணத்தைப் பங்குச்சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபியிடம் கொடுக்கும். செய்திகளில் டிஆர்ஹெச்பி (வரைவு ரெட் ஹெர்ரிங் ப்ராஸ்பெக்டஸ்) என்று வருவது அதுதான். பொதுமக்கள் கருத்துச் சொல்ல 21 நாட்கள் அவகாசம் உண்டு. செபி தன் கருத்துகளைச் சொல்லி, திருத்தங்கள் முடிந்த பிறகு ஆர்ஹெச்பி, அதாவது ரெட் ஹெர்ரிங் ப்ராஸ்பெக்டஸ் தயாராகும். விண்ணப்பம் தொடங்குவதற்குக் குறைந்தது மூன்று நாள் முன்னதாக அதைக் கம்பெனிப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். விலைப்பட்டை, அதாவது விலையின் கீழ் வரம்பும் மேல் வரம்பும், தனியாக அறிவிக்கப்படும். எல்லாம் முடிந்து விலை நிச்சயமானதும் அதைச் சேர்த்து இறுதி ப்ராஸ்பெக்டஸ் வரும்.

ஆகவே பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஆனால் பழைய அர்த்தத்திலான ரெட் ஹெர்ரிங் ஐபிஓவைச் சுற்றி நிறையவே திரியும், பெரும்பாலும் அந்த ஆவணத்துக்கு வெளியே. விளம்பரத்தில் கிரிக்கெட் வீரர் சிரிப்பார், கடைகளின் எண்ணிக்கை கொட்டை எழுத்தில் இருக்கும், முதல் நாளே எவ்வளவு ஏறும் என்று வாட்ஸ்ஆப்பில் யாராவது கணக்குப் போடுவார். நீங்கள் ஆர்ஹெச்பியைத் திறந்து, திரட்டும் பணத்தில் எவ்வளவு நிறுவனத்துக்குள் போகிறது, எவ்வளவு ஏற்கெனவே பங்கு வைத்திருப்பவர்கள் விற்றுவிட்டு எடுத்துப்போகிறார்கள் என்பதை முதலில் பாருங்கள். அட்டையிலேயே இருக்கும். அப்புறம் அபாயங்கள் பற்றிய பகுதி, நிலுவையில் இருக்கும் வழக்குகள். இந்த மூன்றையும் படிக்க ஒரு மணி நேரம் போதும்.